தொடர்ந்து குடியிருந்து வருகிறோம்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு காலு ஆடும். இப்படிக் கட்டில்லயே உக்காருங்க. காப்பி போட்டுத் தர வீட்டுல ஆளு இல்ல. கடையில சொல்லவா? வேண்டாமா? சரி.

நோட்டீஸைக் குடுங்க, பாப்போம்.

ம். அதே வாசகம்தான். 'மேற்படி கட்டிடம் இடிந்து விழும் அபாய நிலையில் உள்ளதாகக் கண்டறியப்பட்டுள்ளதால்...' பேரையும் கதவு நம்பரையும் மட்டும் மாத்துவாங்க சார், மத்ததெல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பதினஞ்சு நாள் கெடு. அதுக்குள்ள நீங்க காலி பண்ணணும், ஓனர் இடிக்கணும். அவரு இடிக்கலன்னா நகராட்சியே இடிச்சுட்டு, ஆன செலவை அவருகிட்ட வசூல் பண்ணிக்கிடும். தண்ணியை அடைக்கலாம், கரண்ட்டை வெட்டலாம், போலீஸைக் கூட்டிட்டு வந்து ஆளுகளை வெளிய விட்டுட்டுக் கதவுக்கு சீல் வைக்கலாம். ஆபத்து ரொம்ப நெருக்கத்துல இருக்குன்னு தெரிஞ்சா இந்தப் பதினஞ்சு நாளைக்கூடப் பாக்க வேண்டியதில்ல. அவ்வளவு அதிகாரம் இருக்கு அவங்களுக்கு. எல்லாம் எனக்கு மனப்பாடம்.

'ரைட்டர் ஆறுமுகநயினார்கிட்ட போங்க, அவரு ஸ்டே வாங்கிக் குடுப்பாரு'ன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க? யாரா இருந்தா என்ன. வாங்கினேன், உண்மைதான். வாங்கினதச் சொன்னவரு மிச்சத்தச் சொல்லியிருக்க மாட்டாரு. நான் சொல்லுதேன். கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. நீங்களும் உங்க குடியிருப்புக்குச் செக்ரட்டரின்னு சொல்லுதீங்க. நானும் செக்ரட்டரியா இருந்தவன்தான்.

முப்பத்தோரு வருசம் வக்கீல் குமாஸ்தா நான். வக்கீல் வாயால சொல்லுவாரு, மனுவை எழுதுறது நான். ஜட்ஜே ஒருதரம் கேட்டிருக்காரு, இந்த டிராப்ட் யாரு போட்டதுன்னு. அத விடுங்க.

பஜாருக்குப் பின்னால எங்க வளவு. ஏழு குடும்பம். நடுவுல முற்றம், சுத்தி வீடுக, மாடியில ரெண்டு வீடு. சுண்ணாம்புக் காரையில கட்டுன பழைய கட்டடம். நானும் என் வீட்டுக்காரி பிரமுவும் முன்பக்கம் இருந்தோம். பின்பக்கம் டெய்லர் சந்தியாகுவும் அவரு சம்சாரம் அமலோற்பவமும். பிள்ளை கிடையாது அவங்களுக்கு. சந்தியாகு பஜார்ல கடை போட்டிருந்தாரு. அமலோற்பவம் வீட்டுல கிரைண்டர் வச்சு இட்லிமாவு ஆட்டி வித்தா. பெரிய சத்தமாச் சிரிப்பா சார் அந்தப் பிள்ளை. முற்றத்துல அவ சிரிச்சா மாடியில இருக்கிறவங்க என்னன்னு எட்டிப் பாப்பாங்க.

ஓனர் பேரு தனபால். அவங்க அப்பா காலத்துல இருந்து நாங்க குடியிருக்கோம். இவன் கைக்கு வந்ததும் எங்களக் கிளப்பிட்டு அங்க லாட்ஜ் கட்டணும்னு ஆசை. வாடகையை வாங்க மாட்டான், மோட்டாரைப் பூட்டுவான், கக்கூஸ் கதவைக் கழட்டிட்டுப் போவான். எல்லாத்துக்கும் நான் மனுப் போட்டு மடக்கினேன். அப்பந்தான் நகராட்சியில இருந்து நோட்டீஸ் வந்துச்சு, ஆகஸ்ட் மாசம். நான் சும்மா விடுவனா? தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு வாங்கினேன். ஃபைலுல முதல் காகிதமே தனபாலோட கடிதம். 'என் கட்டிடம் அபாயமாக உள்ளது, நடவடிக்கை எடுக்கவும்.' ஓனரே எழுதிப் போட்டிருக்கான் சார்! முற்றத்துல எல்லாரையும் நிறுத்தி வச்சு அந்தக் கடிதத்த வாசிச்சுக் காட்டினேன். அன்னைக்கு எனக்குக் கிடைச்ச கைதட்டல் என் கல்யாணத்துக்குக்கூடக் கிடைச்சதில்ல.

இப்பவும் சொல்லுதேன், அவன் எங்களக் கிளப்பத்தான் அதை எழுதினான். அதுல பொய் இல்ல. ஆனா கட்டடத்தப் பத்தி அவன் எழுதினதும் பொய் இல்லன்னு எனக்குத் தோணவே இல்ல. அவன் எழுதியிருக்கான், அப்ப அது பொய்தான். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டுச்சு.

நகராட்சி இன்ஜினியர் ஒரு அம்மா. ஜெபராணின்னு பேரு. முப்பது வயசு இருக்கும், ஒல்லியா, ஸ்கூட்டர்ல வருவாங்க. கையில சின்னதா ஒரு சுத்தியல். சந்தியாகு வீட்டுப் பின்சுவர தேங்காயத் தட்டுற மாதிரித் தட்டித் தட்டிக் காத வச்சுக் கேட்டாங்க. அடியில உப்பு அரிச்சிருக்கு, காரை மாவாப் போச்சு, மேல இருக்குற உத்திரத்துக்குப் பிடிமானம் இல்லன்னாங்க. நான் எல்லாரு முன்னாலயும் கேட்டேன்:

"ஓனர் உங்களுக்கு என்ன குடுத்தாரு அம்மா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மா முகம் அப்படியே சுருங்கிப் போச்சு. "எனக்கு ஓனர் யாருன்னே தெரியாது சார்"னு சொன்னாங்க. மெதுவாத்தான் சொன்னாங்க. அதுக்கும் சிரிச்சோம்.

வாசல் சுவருல செவப்புப் பெயிண்ட்ல எழுதிப் போட்டாங்க, 'ஆபத்தான கட்டிடம், உள்ளே செல்லாதீர்'னு. மறுநாளே நாங்க சுண்ணாம்பு அடிச்சு மறைச்சோம். கரண்ட்ட வெட்ட ஆளு கூட்டிட்டு வந்தாங்க. பொம்பளைகள வாசல்ல உக்கார வச்சேன். திரும்பிப் போயிட்டாங்க. இப்படியே ஒரு மாசம். அதுக்குள்ள நான் கோர்ட்டுக்குப் போயிட்டேன்.

அந்த அபிடவிட்ட நீங்க படிக்கணும் சார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. 'மனுதாரர்களாகிய ஏழு குடும்பத்தாரும் மேற்படி கட்டிடத்தில் எவ்வித இடையூறும் இன்றித் தொடர்ந்து குடியிருந்து வருகிறோம். கட்டிடம் உறுதியான நிலையில் உள்ளது.' அதுதான் கேசுக்கு முதுகெலும்பு. ஏழு குடும்பமும் உள்ள இருக்கணும். ஒருத்தர் காலி பண்ணினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் எந்திரிச்சு, 'பயந்து ஓடிட்டாங்க பாருங்க'ன்னு சொல்லிருவான்.

தடை உத்தரவு கிடைச்சுது. ஆனா ஜட்ஜ் ஒரு நிபந்தனை போட்டாரு. நகராட்சி சுவரக் கண்காணிச்சுக்கிட்டே வரலாம், சுவர் அசையுதுன்னு தெரிஞ்சா இந்தத் தடை குறுக்க நிக்காது, உடனே ஆளுகள வெளியேத்தலாம்னு. நியாயமான நிபந்தனைதான். அதை நான் வளவுல வாசிச்சுக் காட்டல. கடைசிப் பத்தி அது. அதுக்கு முந்தின பத்தியோட நிறுத்திட்டேன். பட்டாசு போட்டாங்க.

செப்டம்பர் இருபதாந் தேதி ஜெபராணி அம்மா கண்ணாடி ஒட்டினாங்க. பாத்திருக்கீங்களா? விரல் நீளக் கண்ணாடித் துண்டு. வெடிப்புக்குக் குறுக்க வச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்ட்டப் பூசிருவாங்க. சுவர் அசையலன்னா கண்ணாடி அப்படியே இருக்கும். மயிரளவு நகந்தாலும் உடைஞ்சிரும். சிமெண்ட் ஈரத்துல ஆணியால '20-9'ன்னு தேதி கீறினாங்க. சந்தியாகு வீட்டுக்குப் பின்னாலச் சந்துல, மூணு எடத்துல. ரெண்டு வாரத்துக்கு ஒருக்க வந்து பாத்துட்டுப் போவாங்க.

அக்டோபர்ல மழை பிடிச்சுது.

அமலோற்பவம்தான் முதல்ல சொன்னா. "அண்ணாச்சி, சுவத்துல இருந்து பொடி உதிருது. மாவுல விழுது"ன்னா. போய்ப் பாத்தா, கிரைண்டருக்கு மேல குடையை விரிச்சுக் கட்டியிருக்கா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவளும் சிரிச்சா. "வீட்டுக்குள்ள குடை பிடிக்கிற சாதி நாங்கதான் அண்ணாச்சி"ன்னா. ரெண்டு நாள் கழிச்சு வந்து, "அண்ணாச்சி, சுவரு பேசுது"ன்னா. "என்னன்னு பேசுது?"ன்னேன். "டக்கு டக்குன்னுது, யாரோ உள்ள விரல் நெட்டி முறிக்கிற மாதிரி"ன்னா. "எலி தாயி, மழைக்குச் சுவருக்குள்ள ஒதுங்கியிருக்கும்"னு சொல்லி அனுப்பினேன்.

இப்பச் சொல்லப்போறத நான் கோர்ட்டுல சொல்லல சார். விசாரணையில சொல்லல. என் பொஞ்சாதிகிட்டச் சொல்லல, ஆனா அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் இருபத்தெட்டாந் தேதி, பகல் பன்னெண்டு மணி. பின்னாலச் சந்துக்குள்ள எதுக்கோ போனேன். நடுக் கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு. தூள் தூளால்லாம் இல்ல. நடுவுல ஒரே ஒரு கோடு. பாதி இங்கிட்டு, பாதி அங்கிட்டு.

அப்படியே நின்னேன். என்ன நினைச்சேன்னு கேளுங்க. பிள்ளைக பந்து விளையாடி உடைச்சிருக்கும்னு நினைச்சேன். அந்தச் சந்துல பந்து விளையாட எடம் கிடையாது சார், ஒரு ஆளு ஒருச்சாய்ச்சுத்தான் நடக்கணும். தனபாலு ஆளு விட்டு உடைச்சிருப்பானோன்னு நினைச்சேன். அது நல்லாப் பொருந்துச்சு. அவன்தான்னு வச்சுக்கிட்டேன். வாய்தா நவம்பர் பதினஞ்சு. ஜெபராணி அம்மா முப்பதாந் தேதி வருவாங்க. பாத்தாங்கன்னா அன்னைக்கே ஏழு குடும்பமும் தெருவுல. ரெண்டு வாரம் தாண்டிட்டா கேசு நம்ம பக்கம்.

வீட்டுல பழைய போட்டோ சட்டம் ஒண்ணு கிடந்துச்சு. அந்தக் கண்ணாடிய நானே வெட்டினேன். ஒரு கை சிமெண்ட் கரைச்சு, ஸ்டூலப் போட்டு ஏறி, பழசப் பேத்துட்டுப் புதுச ஒட்டினேன். ஆணியால '20-9'ன்னு கீறினேன். அந்தம்மா ஒன்பதுக்கு வாலைக் கொஞ்சம் இடது பக்கம் இழுப்பாங்க. அதையும் அப்படியே இழுத்தேன். யாரு கையெழுத்தா இருந்தாலும் எனக்கு வரும்.

பிரமு சந்து முனையில வந்து நின்னா. "என்ன செய்தீய அங்க?"

"கண்ணாடி அழுக்காக் கிடந்துச்சு. தொடைக்கேன்."

அவ என் கையிலிருந்த சிமெண்ட்டப் பாத்தா. ஒண்ணும் கேக்காம உள்ள போயிட்டா.

முப்பதாந் தேதி அந்தம்மா வந்தாங்க, மழைக் கோட்டோட. மூணையும் பாத்தாங்க. நடுவுல உள்ளத மட்டும் ரெண்டாந்தடவை பாத்தாங்க. "இது மட்டும் பளிச்சுன்னு இருக்கே சார்"ன்னாங்க. "சாரல் அடிக்கிற எடம் அம்மா, கழுவி விட்டுருக்கும்"னேன். ஈரத்துல நின்னுக்கிட்டே நோட்டுல 'அசைவு இல்லை'ன்னு எழுதினாங்க. போகும்போது, "எப்படியும் மழை முடியுற வரைக்கும் அந்தப் பின்வீட்டுல மட்டுமாவது ஆளு இல்லாமப் பாத்துக்கிடுங்க சார், உங்களக் கெஞ்சிக் கேக்கேன்"னு சொன்னாங்க. சரின்னு தலையாட்டினேன்.

நவம்பர் ரெண்டாந் தேதி காலையில பாக்கேன், முற்றத்துல ஒரு லோடு ஆட்டோ நிக்குது. அமலோற்பவம் பாத்திரத்த ஏத்திக்கிட்டிருக்கா. அவ தம்பி ரெண்டு தெரு தள்ளி வீடு பாத்து வச்சிருக்கானாம். "கேசு முடிஞ்சதும் வந்துருதோம் அண்ணாச்சி, எனக்குப் பயமா இருக்கு"ன்னா.

ஏழுல ஒண்ணு போனா அபிடவிட்டு பொய்யாயிரும். சந்தியாகுவக் கூப்பிட்டேன். பேசினேன் சார், அரை மணி நேரம். இத்தனை வருசத்துல அப்படி நான் பேசினதில்ல. "ஆறு குடும்பத்தோட குடிய நீங்க ரெண்டு பேரு கெடுக்கப் போறீங்களா? பதிமூணு நாளு. பதிமூணே நாளு பொறுக்க முடியாதா?"ன்னு கேட்டேன். அவளுக்குச் சமாதானம் ஆகல. "அப்ப வா, நீயே வந்து பாரு"ன்னு சந்துக்குள்ள கூட்டிட்டுப் போனேன்.

"பாரு தாயி. ஒரு கீறல் இருக்கா? சுவரு அசைஞ்சா இது உடையும். இன்ஜினியர் அம்மாவே 'அசைவு இல்லை'ன்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. அவங்களவிட உனக்குத் தெரியுமா?"

அவ கண்ணாடியப் பாத்தா. கைய நீட்டித் தொட்டுப் பாத்தா. "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி"ன்னா. "ஆனாலும் சத்தம் கேக்குதே."

நான் சந்தியாகுவப் பாத்தேன். "நீங்க சொல்லுங்க அவகிட்ட"ன்னுட்டு வீட்டுக்குள்ள வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல அவ ஆட்டோவுல இருந்து பாத்திரத்த எல்லாம் எறக்கினா. ஒரு வார்த்தை பேசாம, தலையக் குனிஞ்சுக்கிட்டு, ஒண்ணொண்ணா எடுத்துட்டுப் போனா. சரி, நம்ம பேச்சுல இருந்த நியாயம் புரிஞ்சிருக்கு பிள்ளைக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.

நவம்பர் எட்டு. மழை விட்டு மூணாம் நாளு. நல்ல வெயிலு. காலையில பதினொண்ணேகால் இருக்கும். எல்லாரும் ஈரத் துணிய முற்றத்துல காயப்போட்டுக்கிட்டிருக்காங்க. சந்தியாகு கடைக்குப் போயிட்டாரு. கிரைண்டர் ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டிருந்துச்சு. அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டு சார்.

சத்தம் பெருசா இல்ல. லாரியில இருந்து மணலத் தட்டுற மாதிரித்தான் கேட்டுச்சு. அப்புறம் வெள்ளையாப் புழுதி. முற்றத்துல யாரும் யாரையும் பாக்க முடியல. கொஞ்சம் அடங்கினதும் பாத்தா, பின்பக்கம் ஆகாயம் தெரியுது. மாடி வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருந்தாங்க, பிழைச்சாங்க.

நானும் கையால அள்ளினேன். எல்லாரும் அள்ளினோம். தீயணைப்புக்காரங்க வந்து எங்களத் தள்ளி நிறுத்திட்டு அவங்க அள்ளினாங்க. ஒன்றரை மணிக்கு எடுத்தாங்க அவள. உடம்பெல்லாம் சுண்ணாம்பும் மாவும். எது சுண்ணாம்பு, எது மாவுன்னு தெரியல. முகத்துல காயமே இல்ல சார். சந்தியாகு ஓடி வந்து, தோளுல இஞ்சு டேப் தொங்க அப்படியே நின்னாரு. அழல. "மாவு காஞ்சிட்டா போகாது, கழுவி விடுங்க"ன்னு சொன்னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலமே எல்லாரையும் பள்ளிக்கூடத்துல கொண்டு தங்க வச்சாங்க. மூணாம் நாளு நகராட்சியே மிச்சத்த இடிச்சுது. எந்தத் தடையும் இல்ல அப்ப. தனபாலுக்கு எடம் காலியாக் கிடைச்சுட்டு. பாத்தீங்களா, கடைசியில அவன் நினைச்சதுதான நடந்துச்சு? கொலைகாரன் அவன்தான். அத நான் எங்கயும் சொல்லுவேன்.

விசாரணை வச்சாங்க. பேப்பர்லயெல்லாம் வந்துட்டா, யாரையாவது பிடிக்கணும்ல? ஜெபராணி அம்மாவப் பிடிச்சாங்க. 'சுவர் விழுறதுக்கு ஒன்பது நாளைக்கு முன்னால அசைவு இல்லைன்னு நீயே எழுதியிருக்கியே, நேர்ல போகாமலே எழுதினியா?'ன்னு. நேர்ல வந்தேன்னு அந்தம்மா சொன்னாங்க. என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க. "முப்பதாந் தேதி இன்ஜினியர் வந்தாங்களா?"

"வந்தாங்க"ன்னேன். பொய் சொல்லல.

"கண்ணாடியச் சரியாப் பாத்தாங்களா?"

அப்ப அந்தம்மா எதிர்ல உக்காந்திருக்காங்க. என்னையே பாக்காங்க.

"பாத்தாங்க. எவ்வளவு கவனமாப் பாத்தாங்கன்னு நான் எப்படிச் சொல்ல முடியும்?"னேன். வக்கீல் ஆபீஸ்ல படிச்ச பதில் சார் அது. பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. அந்தம்மாவ சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க.

அன்னைக்கு வீட்டுக்கு வந்தா, பிரமு பெட்டியக் கட்டி வச்சிருக்கா. அப்பவே இந்த வீட்டுக்கு வந்துட்டோம். "ஓசூருக்கு மகன்கிட்டப் போறேன்"ன்னா. "எப்ப வருவே?"ன்னு கேட்டேன். "அழுக்குத் தொடைச்சேன்னு சொன்னீயளே, அத யாருகிட்டயாவது சொல்லிட்டீயளா?"ன்னா. "சொல்லிட்டுப் போன் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டா. நாப்பத்திரண்டு வருசம் சார். தனியா பஸ் ஏறினதில்ல அவ.

நாலு மாசம் இருந்தேன் இந்த வீட்டுல. சமைக்கத் தெரியாது. சந்தியாகு ஞாயித்துக்கிழமை தவறாம வருவாரு. நகராட்சி மேல நஷ்ட ஈட்டுக்கு அவருக்கு நான்தான் மனு எழுதிக் குடுத்திருந்தேன். வந்து, "எனக்குன்னு இருக்குறது நீங்க மட்டும்தான் அண்ணாச்சி"ம்பாரு. ரொட்டி வாங்கிட்டு வருவாரு. அதத் தின்பேன்.

போன பங்குனியில ஒரு நாள் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஜெபராணி அம்மா வீட்ட விசாரிச்சுப் போனேன். கதவத் திறந்தாங்க. அடையாளம் தெரிஞ்சுது. உள்ள வாங்கன்னு சொல்லல, ஆனா தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. வாசப்படியிலயே நின்னு சொன்னேன், எல்லாத்தயும். போட்டோ சட்டம், சிமெண்ட், ஒன்பதுக்கு வாலு, எல்லாம்.

திட்டுவாங்க, அடிச்சாலும் அடிப்பாங்கன்னு நினைச்சேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"எந்தத் தேதி உடைஞ்சிருந்துச்சு?"

"அக்டோபர் இருபத்தெட்டு அம்மா."

விரல மடக்கினாங்க. உதடு அசையுது, சத்தம் வரல. எண்ணி முடிச்சுட்டு அப்படியே படியில உக்காந்துட்டாங்க.

"பதினோரு நாளு இருந்திருக்கே சார்"ன்னாங்க. "பதினோரு நாளு. எனக்கு ஒரு நாள் போதுமே. மதியம் பாத்திருந்தாச் சாயங்காலத்துக்குள்ள எல்லாரையும் வெளிய கொண்டுவந்திருப்பனே. அதுக்குத்தான அந்தக் கண்ணாடி?"

அழுதாங்க. வேலை போனதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. "உங்க சஸ்பென்ஷன எதுத்து நான் நல்லா ஒரு அப்பீல் எழுதித் தாரேன் அம்மா"ன்னேன். ஏன் அதச் சொன்னேன்னு இன்னைக்கும் தெரியல. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அந்தம்மா நிமிந்து என்னப் பாத்தாங்க, ஏதோ புரியாத பாஷை பேசுறவனப் பாக்குற மாதிரி. "செத்துப்போனவங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "முதல்ல அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போனாங்க. கதவச் சத்தமில்லாமச் சாத்தினாங்க.

நடந்தத எல்லாம் கைப்பட எழுதி விசாரணை அதிகாரிக்குக் குடுத்துட்டேன் சார். வாங்கி வச்சிருக்காங்க. அந்தம்மாவுக்கு இன்னும் வேலை திரும்பக் கிடைக்கல. பிரமுவுக்குப் போன் பண்ணினேன். "சரி"ன்னா. வாரேன்னு சொல்லல.

ஆனா எழுதிக் குடுக்கிறதுக்கு முந்தி சந்தியாகுவப் பாத்தேன். அதையும் கேளுங்க.

பஜார்ல அவரு கடை. வெள்ளை யூனிபாரம் ஒண்ணு தச்சுக்கிட்டிருந்தாரு. என்னப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தாரு. "உக்காரும்"னேன். கேசு விஷயமா வந்திருக்கேன்னு நினைச்சாரு. ஸ்டூல்ல உக்காந்து சொன்னேன். சொல்லச் சொல்ல அவரு மிஷின நிறுத்தல. மெதுவா மிதிச்சுக்கிட்டே இருந்தாரு. "அன்னைக்கு அவளுக்கு நான் காட்டினது நான் ஒட்டின கண்ணாடி, சந்தியாகு"ன்னேன். தையல் ஓரம் வரைக்கும் வந்துச்சு. நூலப் பல்லால கடிச்சு அத்தாரு. துணிய மடிச்சாரு.

எந்திரிச்சு என் சட்டையப் பிடிப்பாருன்னு காத்திருந்தேன். பிடிச்சிருக்கலாம். பிடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்.

"லோடு ஆட்டோ வந்த அன்னைக்கு, நீங்க என்னையப் பேசச் சொல்லிட்டு வீட்டுக்குள்ள போயிட்டீங்க"ன்னாரு. "அவ கேக்கவே இல்ல அண்ணாச்சி. கண்ணாடியென்ன கண்ணாடி, நான் காதால கேக்கேன், நான் இங்க இருக்க மாட்டேன்னு சொன்னா. ரைட்டரு அண்ணாச்சி நம்ம எல்லாருக்காகவும் அலையுறாரு, அவருகிட்டயா எதுத்துப் பேசுதன்னு அவளக் கன்னத்துல அறைஞ்சேன்."

நான் தலைய நிமித்தல.

"கட்டின பதினேழு வருசத்துல அவள நான் தொட்டு அடிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்"ன்னாரு. "அதுக்கு அப்புறம் ஆறு நாளு இருந்தா. என்கிட்டப் பேசவே இல்ல. கேசு முடியட்டும், புது வீட்டுக்குப் போய்ச் சமாதானப்படுத்திக்கிடலாம்னு விட்டுட்டேன்."